மரமே இல்லாத ஊரில் ஓர் அச்சுக்கூடம்: சிகரெட் பெட்டியில் தொடங்கிய கதை

(திரை முழுவதும் ஓர் ஆந்தை. இசை வேண்டாம்.)

இந்த ஆந்தையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். முதலில் கண்ணைத் தாழ்த்துவது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

வட்டமான உடல். அகல விழித்த கண்கள். சூரியக் கதிர்களைப் போல் நாலாபுறமும் நீளும் இறகுகள். 1960-இல் ஒரு கல்லில் செதுக்கி, மை தடவி, ஜப்பானியக் காகிதத்தை அதன் மேல் விரித்து, கையால் தேய்த்து எடுத்த அச்சு இது. எடுத்தவை ஐம்பதே ஐம்பது பிரதிகள். 1970-இல் கனடா இதைத் தபால்தலையாக வெளியிட்டது. 2018-இல் டொரொன்டோவில் நடந்த ஓர் ஏலத்தில் இதன் ஒரு பிரதி 2,16,000 கனடிய டாலருக்குப் போனது.

'மாய ஆந்தை' என்று அழைக்கப்படும் இந்தப் படத்தை வரைந்தவர் கெனோஜுவக் அஷெவக். 1927-இல் ஒரு பனிவீட்டில் பிறந்தவர். அவர் வாழ்ந்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், கோடையில் கடல் உருகினால் சரக்குக் கப்பல் வரும். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,396. அந்த ஊரிலிருந்து 1959 தொடங்கி ஆண்டுதோறும் ஓர் அச்சோவியத் தொகுப்பு வெளிவருகிறது; உலகின் அருங்காட்சியகங்கள் அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன.

எப்படி நடந்தது இது? கதை தொடங்குவது ஒரு சிகரெட் பெட்டியில். வாருங்கள்.

(வரைபடம்: கனடா, அதன் வடகிழக்கு மூலை, பாஃபின் தீவின் தென்மேற்கு முனை.)

ஊரின் பெயர் கிங்ஙைட். இதைத் தமிழில் எழுதும்போது எனக்கு உண்மையிலேயே ஒரு துள்ளல் வருகிறது. ஆங்கிலத்தில் இந்த ஒலியைக் காட்ட மூன்று எழுத்துகளை அடுக்கியும் வாசிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. நம்மிடமோ முதல் வகுப்பில் ங, ஙா, ஙி, ஙீ என்று ஓதிவிட்டு, அதன் பிறகு வாழ்நாளெல்லாம் தொடாத ஒரு வரிசை இருக்கிறது. இந்த ஊர் மக்கள் இனுயிட்கள், ஆர்க்டிக் பகுதியின் பழங்குடிகள். அவர்களுடைய இனுக்டிடுட் மொழியில் அந்த ஒலி எங்கும் நிறைந்திருக்கிறது. நம் அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த எழுத்துகளுக்கு இன்று வேலை வந்திருக்கிறது. எனவே என்னோடு சேர்ந்து ஒருமுறை சொல்லுங்கள்: கிங்ஙைட். மலைகள் என்று பொருள். 2020 வரை அரசு ஏடுகளில் இந்த ஊர் கேப் டார்செட்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இனுயிட் குடும்பங்கள் கடற்கரையோரம் சிறு சிறு முகாம்களாக வேட்டையாடி வாழ்ந்தன. வெள்ளை நரித் தோல் வணிகத்தை நம்பியிருந்தன. அந்தத் தோலின் விலை சரிந்தது, காசநோய் பரவியது, அரசு அவர்களை ஊர்களில் குடியமர்த்தத் தொடங்கியது. 1951-இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடிய ஓவியரும் அவருடைய மனைவி ஆல்மாவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஹூஸ்டன் சிற்பங்களை வாங்கித் தெற்கே விற்க வழி செய்தார். ஆல்மா பெண்களின் தையல் வேலைப்பாடுகளை ஊக்குவித்தார். இவ்வளவு போதும்.

இப்போது சிகரெட் பெட்டிக்கு வருவோம்.

(படம்: தாடி வைத்த மாலுமியின் தலை அச்சிட்ட பழைய சிகரெட் பெட்டிகள் இரண்டு, பக்கத்தில் பக்கமாக.)

1957-ஆம் ஆண்டுக் குளிர்காலம். ஒசுயிடோக் இப்பிலி என்ற சிற்பி, ஹூஸ்டனின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒசுயிடோக் சாதாரணச் சிற்பி அல்லர். கல்லையும் தந்தத்தையும் அவர் அளவுக்கு நுணுக்கமாகக் கையாண்டவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. அவர் கையில் இரண்டு சிகரெட் பெட்டிகள். இரண்டிலும் அதே மாலுமி. அதே தாடி. ஒரு மயிரிழைகூட வேறுபாடு இல்லை.

அவர் சொன்னதாக ஹூஸ்டன் பிற்பாடு நினைவுகூர்ந்தது இது: யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் இந்தத் தலையை அச்சு அசலாக வரைந்துகொண்டே இருக்க வேண்டுமே, அவருக்கு எவ்வளவு அலுப்பாக இருக்கும்!

இந்த இடத்தில் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். நான் இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்தப் பெட்டியை ஆயிரக்கணக்கானவர்கள் கையில் எடுத்திருப்பார்கள், சிகரெட்டை உருவிவிட்டுத் தூக்கி எறிந்திருப்பார்கள். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, கோடு கோடாக ஒப்பிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரின் முதுகுவலியைப் பற்றி யோசித்தவர் இவர். கையால் வேலை செய்கிறவருக்கே வரும் கேள்வி அது.

அச்சு என்றால் என்னவென்று இனுக்டிடுட்டில் விளக்க ஹூஸ்டனுக்குச் சொற்கள் போதவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். ஒசுயிடோக் அண்மையில் கோடுகள் கீறிச் செதுக்கியிருந்த ஒரு வால்ரஸ் தந்தம் அங்கே கிடந்தது. அதன் மேல் மையைத் தடவினார். மேற்பரப்பைத் துடைத்தார். மெல்லிய தாளாக என்ன இருக்கிறது? கழிப்பறைக் காகிதம் இருந்தது. அதை எடுத்துத் தந்தத்தின் மேல் விரித்து அழுத்தித் தேய்த்து, மெல்ல உரித்தார்.

காகிதத்தில் அந்த உருவம் வந்திருந்தது.

ஒசுயிடோக் அதைப் பார்த்தார். இதை நம்மாலும் செய்ய முடியும் என்றார். கிங்ஙைட் அச்சுக்கூடம் தொடங்கியது அந்த நொடியில்.

முதல் சோதனைகளுக்குத் தரையில் ஒட்டும் லினோலியம் ஓடுகளைக்கூடச் செதுக்கிப் பார்த்தார்கள். முடிந்த அச்சுகள் நன்றாக வந்தன. ஆனால் யாருக்கும் முறை சரியாகத் தெரியவில்லை. ஹூஸ்டனுக்கும் தெரியாது. அதனால் 1958-இன் பிற்பகுதியில் அவர் புறப்பட்டுப் போனது எங்கே தெரியுமா? பாரிஸ் இல்லை, லண்டன் இல்லை. ஜப்பான்.

(திரையில்: ஜப்பானிய மரச்செதுக்கு அச்சு ஒன்று. அருகே கிங்ஙைட் அச்சு ஒன்று.)

அங்கே உன்இச்சி ஹிராட்சுகா என்ற அச்சுக் கலைஞரிடம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயின்றார். 1959-இல் திரும்பி வந்தபோது காகிதம், கருவிகள், நுட்பங்களோடு சில ஜப்பானிய அச்சுகளையும் கொண்டுவந்தார். கிங்ஙைட் அச்சாளர்கள் அவற்றைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மை எங்கே கனத்திருக்கிறது, எங்கே மங்குகிறது என்று படித்தார்கள்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த வீடியோவில் இதற்குத்தான் நேரம் அதிகமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய முறைக்கு அடிப்படை என்ன? மரப்பலகை. செர்ரி மரப் பலகையில் செதுக்குவார்கள். கிங்ஙைட்டில் மரம் ஏது? அங்கே முளைப்பவை பாசியும் புல்லும் முழங்காலுக்கு எட்டாத குத்துச்செடிகளும்தான். ஆனால் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லைச் செதுக்கத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. ஆகவே மரத்தின் இடத்தில் கல் வந்து உட்கார்ந்தது.

செய்முறை இப்படி. கலைஞர் காகிதத்தில் வரைகிறார். செதுக்குபவர் ஒரு கல்லை எடுத்து அதன் முகத்தை அம்மிபோல் தட்டையாகத் தேய்த்து எடுக்கிறார். வெள்ளை வண்ணம் பூசுகிறார். அதன் மேல் ஓவியத்தின் கோடுகளை மாற்றுகிறார். அச்சில் விழ வேண்டிய பகுதியை விட்டுவிட்டு மற்ற இடங்களை உளியால் பள்ளமாக்குகிறார். ஒரு கோடு பிசகினால் மரமானால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். கல்லில் உடைந்தது உடைந்ததுதான்.

பிறகு மை. ஜப்பானில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்குவது வழக்கம். இங்கே பெரும்பாலும் ஒரே கல். சிறியதும் பெரியதுமான உருளைகளைக் கொண்டு இந்த இறகுக்குச் சிவப்பு, அந்த உடலுக்குக் கறுப்பு என்று ஒரே கல்லின் வெவ்வேறு பகுதிகளில் மையை உருட்டுகிறார்கள். ஒன்றோடொன்று கலந்துவிடாமல் மறைப்புத் தாள் வைத்துக்கொள்கிறார்கள். அதன் மேல் காகிதம். பெரிய அழுத்தும் இயந்திரம் எதுவும் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தேய்ப்பானால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். உரித்தால் ஒரு பிரதி. மீண்டும் மை, மீண்டும் காகிதம், மீண்டும் தேய்ப்பு. இப்படி 50 முறை. ஐம்பது முடிந்ததும் இன்னொரு பிரதி எடுக்க முடியாதபடி கல்லின் முகத்தை அழித்துவிடுவது முறை.

இன்னொரு முறையும் உண்டு, அது இன்னும் அழகு. ஸ்டென்சில். துளை வழியே வண்ணம் தட்டுவது. தொடக்கத்தில் அந்தத் துளைகளை எதில் வெட்டினார்கள்? சீல் என்ற கடல்விலங்கின் மயிர் நீக்கிய தோலில்! இது புதிதாகக் கற்ற வித்தையே அல்ல. ஊலூ என்ற பிறை வடிவக் கத்தியால் கறுப்புத் தோலையும் வெளுத்த தோலையும் உருவங்களாக வெட்டி, காலணியிலும் மேலங்கியிலும் பையிலும் வைத்துத் தைப்பது இனுயிட் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த வேலை. நூலளவு இடைவெளி விட்டால் பனிநீர் உள்ளே போய்க் கால் விறைத்துப்போகும். அவ்வளவு துல்லியமாக வெட்டிப் பழகிய கைகள் அவை.

கெனோஜுவக்கின் முதல் அச்சு இப்படித்தான் பிறந்தது. காசநோய்க்காக மூன்று ஆண்டுகளுக்கு மேல் கியூபெக் நகர மருத்துவமனையில் கிடந்து மீண்டவர் அவர். ஒருநாள் அவர் தோளில் ஒரு சீல் தோல் பை. அதில் வெட்டித் தைத்த ஓர் உருவம். முயல் ஒன்று கடற்பாசி தின்கிறது. அந்த உருவமே 1959-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஸ்டென்சில் அச்சாக வந்தது. அடுத்த ஆண்டு ஆந்தை. ஒரு தோள்பைக்கும் தேசத்தின் தபால்தலைக்கும் நடுவில் இருந்தது அவ்வளவு சிறிய தூரம்.

ஜப்பானிடம் கற்றது என்றால் இது உண்மையான இனுயிட் கலையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வியின் மேல் கோபமே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓவியர்கள் ஜப்பானிய அச்சுகளைச் சுவரில் மாட்டிவைத்து அவற்றிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் புதுமையாளர்கள் என்று கொண்டாடுகிறோம். அதையே ஒரு வேட்டைக்காரக் குடும்பத்துப் பெண்ணும் அவளுடைய உறவினரும் செய்தால் தூய்மை கெட்டுவிட்டது என்கிறோம். கற்றுக்கொள்ளும் உரிமை சிலருக்கு மட்டும்தானா? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். இதைப் பற்றி உங்களோடு பேச எனக்கு ஆசை.

(அச்சின் கீழ் மூலை, மிக அருகில்.)

இப்போது ஆந்தையை விட்டுவிட்டுக் காகிதத்தின் ஓரத்துக்கு வாருங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாகச் சில சிறு முத்திரைகள். இதுவும் ஜப்பானிய வழக்கம். சிவப்பாக இருக்கும் பனிவீடு, கிங்ஙைட் அச்சுக்கூடத்தின் அடையாளம். வரைந்தவருக்கு ஒரு முத்திரை. கல்லைச் செதுக்கி அச்சிட்டவருக்கும் ஒரு முத்திரை. எழுத்துகள் இனுக்டிடுட்டின் சொந்த வரிவடிவத்தில் இருக்கும்.

அந்த இன்னொரு முத்திரைக்காகத்தான் இந்த வீடியோவையே செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். லுக்டா கியாட்சுக், இயோலா கிங்வாட்சியக், ஈஜிவுட்லுக் புட்டூகுக், கனஙினக் புட்டூகுக். தொடக்க கால அச்சாளர்கள் இவர்கள். பென்சில் கோட்டைக் கல்லுக்கு மாற்றும்போது எந்த வளைவை எவ்வளவு கூர்மையாக்குவது, எந்த வண்ணத்தை எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் இவர்கள் கையில். ஏலச் செய்திகளில் இவர்கள் பெயர் அரிதாகவே வருகிறது. காகிதத்தில் மட்டும் உரிய இடத்தில் இருக்கிறது. அடுத்த முறை இத்தகைய அச்சைப் பார்த்தால் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1941 முதல் கனடிய அரசு ஒவ்வொரு இனுயிட் மனிதருக்கும் ஓர் எண் கொடுத்தது. சிறு வட்ட வில்லையில் அந்த எண்ணைப் பொறித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் அல்லது உடையில் தைத்துக்கொள்ள வேண்டும். இனுயிட் பெயர்கள் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை, குடும்பப் பெயர் வழக்கமும் அவர்களிடம் இல்லை, அதற்காக எண். கெனோஜுவக்கின் எண் ஈ7-1035. எண்ணால் குறிக்கப்பட்ட மக்கள், தங்கள் பெயரைத் தங்கள் எழுத்தில் முத்திரையாகச் செதுக்கிக் காகிதத்தில் பதித்தார்கள். அந்தச் சிவப்புப் பனிவீட்டை நான் அதற்குப் பிறகு வெறும் வணிக முத்திரையாகப் பார்க்கவே இல்லை.

சரி, பணம் எப்படிப் போனது? இங்கேதான் ஊர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 1959-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஊர் மக்களுடையது. அதே சங்கம் மளிகைக் கடையும் நடத்துகிறது, அச்சுக்கூடமும் நடத்துகிறது. 1960-இல் வந்து சேர்ந்து பல பத்தாண்டுகள் அதை நிர்வகித்தவர் டெர்ரி ரயன் என்ற ஓவியர். ஆண்டுத் தொகுப்புக்குத் தேர்வாகும் படங்கள் சில டஜன்தான். ஆனால் சங்கம் அச்சுக்குப் போகாத ஓவியங்களையும் காசு கொடுத்து வாங்கியது. வரைந்து கொண்டுவந்தால் கூலி. அச்சு விற்ற பிறகுதான் பணம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். பிட்சியோலக் அஷூனா என்ற பெண் கணவரை இழந்து, குழந்தைகளோடு பசியில் தவித்தவர். ஐம்பது வயதுக்கு மேல் பென்சிலைத் தொட்டார். தன் இளமைக்கால முகாம்களை, தோல் கூடாரங்களை, பறவைகளை நினைவிலிருந்து வரைந்தார். 1983-இல் இறப்பதற்குள் அவர் வரைந்தவை ஏழாயிரத்துக்கும் மேல். ஊர் முழுக்க இப்படி வரைந்து சேர்ந்த ஓவியங்கள் ஏறத்தாழ 90,000. தீ விபத்துக்குப் பயந்து, டொரொன்டோ அருகிலுள்ள மக்மைக்கேல் கலைக்கூடத்தில் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள். ஒரு சிற்றூரின் நினைவு தாள் தாளாக அங்கே அடுக்கியிருக்கிறது. மானியம் என்று ஆளுக்குக் கொஞ்சம் பணத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால் இதில் ஒரு தாள்கூட மிஞ்சியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாம் இனிப்பாக நடந்துவிடவில்லை. 1961 முதல் 1989 வரை தெற்கே ஒரு குழு உட்கார்ந்து எந்த அச்சு விற்பனைக்குத் தகுதி, எது தகுதி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பனி நிலத்தையே மிதிக்காத ரசனையாளர்களின் எதிர்பார்ப்பும் ஒரு சுவராக நின்றது. அவர்களுக்கு வேண்டியவை ஆந்தை, கரடி, மந்திரவாதி. ஊரிலோ மோட்டார் பனிவண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன, தொலைக்காட்சி வந்துவிட்டது.

(மௌனம். ஒரு வெற்றுத் தாள், வண்ணப் பென்சில்கள்.)

அந்தச் சுவரைத் தாண்டியவர் பிட்சியோலக்கின் பேத்தி ஆனி புட்டூகுக். 1969-இல் பிறந்தவர். அவர் தான் கண்டதை வரைந்தார். தொலைக்காட்சி முன் உட்கார்ந்த குடும்பம். கடையில் குளிர்பெட்டி. சுவரில் கடிகாரம், தரையில் வெட்டிவைத்த சீல் இறைச்சி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் உறவினர்கள். ஓர் ஆண் ஒரு பெண்ணை அடிக்கப் போகும் நொடி. அந்தக் கோடுகள் குழந்தை வரைந்தவைபோல் எளிமையாக இருக்கும். பார்த்துவிட்டுச் சட்டென்று நகர முடியாது. 2006-இல் கனடாவின் முக்கியமான சமகாலக் கலை விருதான சோபி விருது, 50,000 டாலர், அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் புகழ்பெற்ற டாக்குமென்டா கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. 2016-இல் ஒட்டாவாவில் ஓர் ஆற்றில் அவர் இறந்து கிடந்தார். வயது 47. ஊரை விட்டு வந்த பிறகு நகரத்துத் தெருக்களில் மிகவும் துன்பப்பட்டார். இதை விட்டுவிட்டு ஆந்தையின் விலையை மட்டும் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய உறவினர் ஷுவினை அஷூனா இப்போதும் வரைகிறார். அவர் படங்களில் உலக உருண்டைக்குக் கையும் காலும் முளைக்கும், ஆக்டோபஸ்களும் மனிதர்களும் கைகோத்து நிற்பார்கள். 2022 வெனிஸ் கலைக் கண்காட்சியில் நடுவர் குழு அவரைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டியது.

(வெளிக்காட்சி: பனி மூடிய பாறைக் குன்று, அதன் அடியில் புதிய கட்டடம்.)

2018 செப்டம்பரில் ஊருக்குப் புதிய கட்டடம் வந்தது. கெனோஜுவக்கின் பெயரைத் தாங்கிய பண்பாட்டு மையமும் அச்சுக்கூடமும். கல் அச்சுக்கு ஓர் அறை, 1970களில் வந்து சேர்ந்த லித்தோகிராஃபிக்கு (செதுக்காமல், தட்டையான பரப்பில் வரைந்தே எடுக்கும் அச்சுக்கு) ஓர் அறை, கண்காட்சிக்கு இடம், ஊர் கூடுவதற்கும் இடம். கெனோஜுவக் அதைப் பார்க்கவில்லை, 2013-இல் மறைந்துவிட்டார். கட்டடம் வருவதற்கு முந்தைய ஆண்டே, 2017-இல், கனடா தன் 150-ஆவது ஆண்டுக்காக வெளியிட்ட பத்து டாலர் நோட்டின் மின்னும் பட்டையில் அவருடைய இன்னோர் ஆந்தை வந்துவிட்டது.

ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். இனுக்டிடுட்டில் கலை என்பதற்கு நேரான பழைய சொல் கிடையாது. சிற்பத்துக்கு வழங்கும் சொல்லின் வேர் 'சனஙுவக்'. 'சன' என்றால் செய்தல். 'ஙுவக்' என்றால் ஒன்றைப் போல இருப்பது. ஒன்றைப் போலச் செய்தது. மீண்டும் ங! எழுதிப் பாருங்கள், கைக்கு இதமாக இருக்கிறது.

அடுத்த வீடியோவில் அதே பாஃபின் தீவில் பங்நிர்ட்டுங் என்ற ஊருக்குப் போகிறோம். ஆடே மேயாத அந்த ஊரில் 1970 முதல் கம்பளி நூலில் சித்திரத் திரைகள் நெய்கிறார்கள். நூல் எங்கிருந்து வருகிறது, யார் நெய்கிறார்கள் என்று அங்கே பார்ப்போம். வணக்கம்.